கோவையில் நான் கை நனைத்த கதை

முப்பது வருடம் மலாயா ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவன் நான். டிக்கெட் இல்லாமல் பிடிபடுகிறவர்களில் பாதிப் பேர் சொல்வது ஒரே சாக்கு: ‘எனக்குத் தெரியாதுங்க.’ அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதே வார்த்தையை நானே ஒரு சபையில் சொல்ல வேண்டி வந்தது, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கோயமுத்தூருக்குப் போனபோது.

போன காரியம் ஊர் சுற்றிப் பார்ப்பது அல்ல. பெருந்துறையில் கட்டிக்கொடுத்த என் தங்கை ஜெய்னம்பு, மலேசியாவில் நான் இருக்கும் ஈப்போவுக்குக் கடிதம் போட்டிருந்தாள். அவளுடைய ஒரே மகள் சபுரா, கோயமுத்தூர்க் கணவன் வீட்டைவிட்டுத் தாய் வீட்டுக்கு வந்து ஏழு மாதம் ஆகிறது. அந்த மாதக் கடைசி வெள்ளிக்கிழமைக்குள் அவள் திரும்பி வராவிட்டால் மணவிலக்குக் கேட்போம் என்று பையன் வீட்டார் பள்ளிவாசல் ஜமாத்தில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மார்க்கச் சட்டப்படி கணவன் வீட்டிலிருந்து ஒருவர், மனைவி வீட்டிலிருந்து ஒருவர் என இரண்டு நடுவர்கள் உட்கார்ந்து இருவரையும் விசாரிக்க வேண்டும். சபுராவின் அத்தா, அவளைப் பெற்றவர், மவுத்தாகிப் போய்ச் சேர்ந்துவிட்டார். அத்தாவுக்கு உடன்பிறந்தவர்கள் கிடையாது. மிச்சம் இருந்த ஒரே ஆண், தாய்மாமன் நான்தான்.

எங்கள் ஊராக இருந்தால் மார்க்க வழக்குகளைப் பார்க்கும் காதி அலுவலகத்தில் விண்ணப்பப் பாரம் வாங்கி, மூன்று நகல் எடுத்து, எண் கூப்பிடும்வரை விசிறிக்கடியில் உட்கார்ந்திருக்கலாம். இங்கே அந்த அலுவலகமே நான்தான். ஆனாலும் ஒன்றை மட்டும் உறுதி செய்துகொண்டு கிளம்பினேன். அந்தப் பெண் என்ன சொல்கிறாள் என்று நாலு பேர் உட்கார்ந்து முழுதாகக் கேட்காமல் நான் ஈப்போ திரும்புவதில்லை.

அந்த வெள்ளிக்கு முந்தின புதன்கிழமை விடிந்து கொஞ்ச நேரத்தில் கோயமுத்தூர் ஸ்டேஷனில் இறங்கினேன். ஜெய்னம்புவின் பக்கத்து வீட்டுக்காரர் சாமியப்பன் வேனோடு வந்து நிற்பார் என்று கடிதத்தில் இருந்தது. வேனும் இல்லை, சாமியப்பனும் இல்லை. பெட்டியின்மேல் உட்கார்ந்தேன். எதிர் பெஞ்சில் இரண்டு பெண்கள், எனக்குப் புரியாது என்ற தைரியத்தில், தெலுங்கில் என்னைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். “அந்தப் பெரியவர் சட்டையைப் பாரேன், ஜன்னல் திரையைக் கிழித்துத் தைத்த மாதிரி” என்றாள் ஒருத்தி. பேராக் மாநிலத்துத் தெலுங்குத் தோட்டங்களில் பாதிக்கு டிக்கெட் கிழித்தவனுக்குத் தெலுங்கு தெரியாதா? அது எங்கள் ஊர் பாத்திக் சட்டை, நல்ல விலை என்று தெலுங்கிலேயே சொன்னேன். இரண்டு பேரும் இடம் மாறிப் போய்விட்டார்கள்.

ஒரு மணி நேரம் கழித்து வெள்ளை வேட்டி கட்டிய ஒரு பெரியவர் வந்து சலாம் சொன்னார். மேலெல்லாம் மல்லிகை வாசம். பூ மார்க்கெட்டில் மண்டி வைத்திருக்கும் அமீது. சபுராவின் கணவன் காதருக்குப் பெரியத்தா, அவர்கள் தரப்பு நடுவர்; நான் வரும் ரயில் ஜமாத் வழியாக அவருக்கும் தெரிந்திருந்தது.

“ஏனுங்க, ஈப்போ மாமாதானுங்களே? வண்டி வரக் காணமாட்ட இருக்குதுங்க. ஊடு இங்க பக்கந்தான். வந்து மூஞ்சி கழுவிட்டு உக்காருங்க, அவுங்க வந்தா சொல்லி உடச் சொல்றேன்.”

எதிர்த் தரப்பு ஆள் என்று ஒரு விநாடி தயங்கினேன். ஆனால் இப்படி ‘ங்க’ போட்டுப் பேசுகிறவரிடம் எப்படி முறைத்துக்கொண்டு நிற்பது? ஈப்போவில் மாமனாரிடம்கூட இவ்வளவு மரியாதை கிடைத்ததில்லை. போனேன்.

ஊரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். காலைக் காற்று குளிர்ந்து மேற்கிலிருந்து வருகிறது. குழாய்த் தண்ணீர் இனிக்கிறது. ஈப்போ தண்ணீரைத்தான் உலகத்தில் ஒசத்தி என்று இதுநாள் வரை சொல்லிக்கொண்டிருந்தேன். இனிமேல் வாயை மூடிக்கொள்வேன்.

அமீது வீட்டில் மூஞ்சி கழுவி வருவதற்குள் பாய் விரித்து இலை போட்டுவிட்டார்கள். காலை வேளையிலேயே நெய்ச்சோறு, தாளிச்சா, கறிக் குழம்பு. இரண்டு நாள் பயணப் பசி. தாளிச்சாவில் மாங்காய் போட்டிருந்தார்கள். என் அம்மா மவுத்தான பிறகு அப்படியொரு தாளிச்சா நான் சாப்பிட்டதில்லை. கையைக் கழுவிப் பிஸ்மி சொல்லி முதல் கவளத்தை வாயில் வைத்ததும், வாசல் பக்கம் நின்ற ஆண்கள் நாலைந்து பேர் ஒரே குரலில் “அல்ஹம்துலில்லாஹ்” என்றார்கள். உள்ளே பெண்கள் பக்கம் யாரோ அழுத மாதிரி இருந்தது. அமீது என் தோளைத் தொட்டு, “ரொம்ப சந்தோசமுங்க” என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. ஒருவர் தட்டில் சர்க்கரை கொண்டுவந்து எல்லாருக்கும் கொடுத்தார். விருந்தாளி சாப்பிட்டால் இவ்வளவு சந்தோஷப்படும் ஊரா என்று நினைத்துக்கொண்டு இரண்டாம் தடவை சோறு கேட்டேன்.

நான் தயிருக்கு வந்திருந்தபோது சாமியப்பன் வாசலில் வந்து நின்றார். ஐம்பது வயதிருக்கும். கையெல்லாம் கிரீஸ். இலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முகம் விழுந்துவிட்டது.

“அண்ணா, கை நனைச்சுப்போட்டீங்களா?”

வேனில் ஏறிய பிறகுதான் விளக்கினார். வரும் வழியில் டயர் வெடித்து, ஸ்டெப்னியிலும் காற்றில்லாமல், கடை திறக்கும்வரை நின்றிருக்கிறார். அதனால் ஆன தாமதம். “மனத்தாங்கல் இருக்கற ஊட்டுல எதிர்ப்பக்கத்து ஆளுங்க கை நனைக்க மாட்டாங்கண்ணா. ஒரு வாய் தண்ணிகூட குடிக்கறதில்ல. பொண்ணு ஊட்டுப் பெரியவரு ஒருத்தரு வந்து மாப்பிள்ளை ஊட்டுல சாப்புட்டாருன்னா அதோட சண்டை தீந்துதுன்னு அர்த்தம். அதுக்கப்புறம் பேச்சே கெடையாது. மக்யா நாளு விடிஞ்சதும் வந்து பொண்ணைக் கூட்டிட்டுப் போயிருவாங்க. எங்க சனத்துலயும் அப்படித்தானுங்க, பாய்மாரு ஊட்டுலயும் அப்படித்தானுங்க.”

வாயில் இன்னும் தாளிச்சா மணம் இருந்தது. முப்பது வருடம் அடுத்தவன் தப்பைப் பிடித்துச் சம்பளம் வாங்கியவன், வந்து இறங்கி இரண்டு மணி நேரத்தில், விசாரிக்க வந்த வழக்கை நெய்ச்சோற்றோடு சேர்த்து விழுங்கிவிட்டேன். வேன் பெருந்துறைக்கு ஓடியது.

ஜெய்னம்புவுக்குச் செய்தி எனக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. பக்கத்துக் கடைக்கு யாரோ போன் போட்டுச் சொல்லியிருக்கிறார்கள். பத்து வருடம் கழித்துப் பார்க்கும் அண்ணனை வா என்றுகூடக் கேட்கவில்லை. “நல்லா இருந்துச்சா சோறு?” என்றாள். பெட்டியை நானே உள்ளே தூக்கி வைத்தேன்.

சபுரா சண்டை போடவில்லை. அதுதான் என்னை அதிகம் வதைத்தது. இருபத்து நாலு வயசுப் பெண், சுவரோரம் உட்கார்ந்து, “நீங்க சாப்புட்டுட்டீங்க மாமா. இனி நான் பேசுறதுக்கு என்ன இருக்குது. நாளைக்கு வருவாங்க, போறேன்” என்றாள்.

“போறதும் போகாததும் அப்புறம். என்ன நடந்தது, அதைச் சொல்லு” என்றேன்.

மத்தியானம் முழுக்க உட்கார்ந்து கேட்டேன். ஏழாம் மாதக் கர்ப்பத்தில் சாமியப்பன் மகள் கல்யாணத்துக்காகக் கோயமுத்தூரிலிருந்து பஸ்ஸில் பெருந்துறை வந்திருக்கிறாள். காதர் வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்கிறான். கூடப் படித்த தோழி என்று இவள் வந்துவிட்டாள். திரும்பிப் போன மூன்றாம் நாள் வலி கண்டு, பெண் குழந்தை இறந்தே பிறந்தது. தொப்புள்கொடி கழுத்தைச் சுற்றியிருந்தது, பஸ்ஸுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டரம்மா தெளிவாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் குழந்தையை அடக்கம் செய்துவிட்டு வந்த காதர், வீட்டு முற்றத்தில் பத்துப் பேர் முன்னால், “எம் புள்ளைய பஸ்ல வெச்சே கொன்னுபோட்டா” என்று சொன்னான். இவள் உள்ளே படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

“பத்துப் பேரும் கேட்டாங்க மாமா. ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலை. அவரு அதே எடத்துல, அதே ஆளுங்க முன்னால, அது இல்லைன்னு சொல்லட்டும். எனக்கு வேற எதுவும் வேண்டாம். சும்மா சாப்பாடு போட்டு மறந்துரலாம்னா, அந்தப் பேச்சு அப்படியே நிக்குமில்லீங்களா?”

நான் அழுதேன், சொல்வதற்கு வெட்கமில்லை. அழுது முடித்து, ஜெய்னம்புவிடம் காப்பி கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, நாளை அவர்கள் கிளம்புவதற்குள் நான் கோயமுத்தூரில் இருக்க வேண்டும் என்று சொன்னேன். அண்ணனுக்குக் காப்பி போட்டுக் கொடுத்ததிலிருந்து அவள் கோபம் பாதி இறங்கியது தெரிந்தது.

வியாழக்கிழமை முதல் பஸ் பிடித்தேன். கொங்கு நாட்டு பஸ் டிரைவர்கள் நல்லவர்கள், பண்பானவர்கள், ஹாரன் மேலிருந்து கையை மட்டும் எடுப்பதில்லை. பள்ளிவாசலை ஒட்டிய மதரசா அறையில் பள்ளிவாசல் இமாமான ஹஜ்ரத், ஜமாத் தலைவர், அமீது மூவரும் இருந்தார்கள். அமீது பெருந்துறைக்குக் கிளம்பத் தயாராக, பூவும் பழமும் பையில் வைத்திருந்தார். சாப்பிட்டதோடு வழக்கு முடியவில்லை என்று நான் சொன்னதும் அந்த மனிதரின் முகம் சுருங்கிவிட்டது.

“எங்க ஊட்டுச் சோத்தை இல்லைங்கறீங்களா?”

“சோத்தை இல்லைன்னு சொல்லலைங்க. அப்படிச் சொன்னா என் நாக்கு அழுகிடும். அது தீர்ப்புன்னு எனக்குத் தெரியாது. பசிச்ச விருந்தாளியாத்தான் சாப்பிட்டேன். எனக்குத் தெரியாதுங்க.”

சொல்லும்போதே என் காது கூசியது. ஜமாத் தலைவர் விடவில்லை. “நாலு தலைமுறையா இந்த வழக்கத்துலதான் எத்தனையோ குடும்பம் சேந்திருக்குதுங்க. பேசப் பேசத்தான் புண்ணு பெருசாகும். உக்காந்து சாப்புட்டு எந்திரிச்சா முடிஞ்சுது. நீங்க வெளியூருல இருந்து வந்து அதைக் கலைச்சீங்கன்னா, நாளைக்கு எவன் ஊட்டுல எவன் கை நனைப்பான்?”

அதில் நியாயம் இருந்தது. எங்கள் காதி அலுவலகத்தில் கோப்பு மூடுவதற்குள் இரண்டு குடும்பங்கள் பிறவிப் பகையாகி இருக்கும். ஆனால் இருபத்து நாலு வயசுப் பெண் ஒருத்தி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாளே, அவளுக்கு என்ன பதில்?

“அவளை இன்னும் யாரும் கேட்கலைங்க. கேட்கணும். நான் அதுக்குத்தான் கடல் தாண்டி வந்தேன். கேட்கிறவரைக்கும் இந்தப் பாயைவிட்டு எந்திரிக்க மாட்டேன்.”

ஹஜ்ரத் கையை உயர்த்தினார். மெலிந்த மனிதர், என்னைவிட வயது குறைவு. “எந்தச் செயலுக்கும் நிய்யத்துதான் கணக்கு” என்றார். “அவரு மனசுல சமாதானம்னு எண்ணம் இல்லாம சாப்புட்டாரு. அதனால அது வெறும் சாப்பாடு. வழக்கம் நல்லதுதானுங்க. ஆனா வழக்கம் நடுவரோட எடத்துல உக்கார முடியாது. ரெண்டு பேரு ரெண்டு பக்கமும் கேக்கணும்னு ஷரீஅத்து சொல்லுது. கேட்டு முடிச்சு அப்புறமா சாப்புடுங்க, அப்ப ரெண்டும் சேரும்.” அமீதைப் பார்த்து, “நீங்களும் போயி அந்தப் புள்ளைய நேருல கேளுங்க” என்றார்.

அமீது பூப்பையைச் சுவரோரம் வைத்தார். என்னைப் பார்க்காமலே, “வாங்க” என்றார்.

பெருந்துறை போகும் வழியில் காதரின் பட்டறைக்குப் போனோம். மோட்டாருக்குக் காயில் சுற்றும் கடை. வாசலெங்கும் வயிறு பிளந்த மோட்டார்கள். காதர் தலை நிமிராமல் செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டே இருந்தான். முப்பதுக்குள் வயது, கன்னம் ஒட்டியிருந்தது. முரடன் ஒருவனை எதிர்பார்த்து வந்தவனுக்கு அது ஏமாற்றமாகவே இருந்தது.

“சொன்னது பொய்யின்னு தெரியுமுங்க மாமா. டாக்டரம்மா அன்னைக்கே சொல்லிட்டாங்க.”

“அப்புறம் ஏன் ஏழு மாசமாத் திருப்பிச் சொல்லலை?”

“பத்துப் பேரு முன்னால சொன்னதை எப்படிங்க திருப்பி எடுக்கறது? அவ வந்துட்டா மெதுவா சரியாப் போயிரும்னு நெனைச்சேன். வரலை. அதுக்கப்புறம் கோவந்தான் வந்துச்சு.” கம்பியைக் கீழே வைத்துவிட்டுத் தானாகவே சொன்னான்: “நாந்தானுங்க தனியாக் கொண்டுபோயி அடக்குனேன். கையில எடையே இல்லீங்க. ஊட்டுக்கு வந்து நின்னா, எல்லாரும் என்னாச்சு என்னாச்சுங்கறாங்க. வாயில அதுதான் வந்துச்சு.”

அமீது திரும்பி ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெருந்துறை பஸ் அன்றைக்கு அவினாசி தாண்டி நின்றுவிட்டது. ரேடியேட்டர் கொதித்துப் புகை வந்தது. எல்லாரும் இறங்கினோம். கொளுத்துகிற வெயில். இளநீர்க்காரரிடம் இரண்டு வெட்டச் சொன்னேன். ஒன்றை நீட்டியபோது அமீது யோசித்தார். பிறகு, “நாம இப்ப ரெண்டு பேருமே நடுவருங்க, எதிராளி இல்லீங்களே” என்று அவருக்கு அவரே சொல்லிக்கொண்டு குடித்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் ஜெய்னம்பு வீட்டில் அவர் ஒரு சொட்டுத் தண்ணீர் தொடவில்லை. வேர்த்து ஒழுகியது, நாக்கு வறண்டு பேச்சுக் குழறியது, ஆனாலும் தொடவில்லை. அந்த மனிதரின் மேல் எனக்கிருந்த சந்தேகமெல்லாம் அப்போது போய்விட்டது. நேற்று அவர் என்னை ஏமாற்றவில்லை. நான் தெரிந்துதான் சாப்பிடுகிறேன் என்று நம்பி, உண்மையிலேயே சந்தோஷப்பட்டிருக்கிறார்.

சபுரா என்னிடம் சொன்னதையே அவரிடமும் சொன்னாள். குரல் நடுங்கவில்லை. முடிந்ததும் அமீது அவளை நோக்கித் திரும்பி உட்கார்ந்தார்.

“அம்மணி, அன்னைக்கு அந்தப் பத்துப் பேருல நானும் ஒருத்தன். வாயத் தொறந்திருக்கோணும். தொறக்கலை. அவன் மேல இருக்கற தப்புல எனக்கும் பங்கிருக்குது கண்ணு.” என் பக்கம் திரும்பி, “நாளைக்கு ஜும்ஆத் தொழுகை முடிஞ்சதும் அந்தப் பத்துப் பேரையும் அதே முத்தத்துல நான் கூட்டிக்கிட்டு வந்து நிறுத்தறேனுங்க” என்றார்.

வெள்ளிக்கிழமை சாமியப்பன் குடும்பத்தோடு கொடுமுடிக் கோயிலுக்குப் போவதாக இருந்தார். அதைத் தள்ளிப் போட்டுவிட்டு எங்களைக் கோயமுத்தூருக்கு ஓட்டி வந்தார். “எங்க ஊட்டுக் கல்யாணத்துக்கு வந்ததுனாலதான இந்தப் பேச்சு வந்துச்சுங்க” என்றார். வேன் இந்தத் தடவை எங்கேயும் நிற்கவில்லை.

காதர் வீட்டு முற்றத்தில் பத்துப் பேரும் இருந்தார்கள். ஹஜ்ரத் ஒரு நாற்காலியில். கதவுக்கு உள்பக்கம் திரை போட்டு, அதற்குப் பின்னால் சபுராவும் ஜெய்னம்புவும் மற்றப் பெண்களும். அமீதும் நானும் பாயில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். இரண்டு பேரையும் கேட்டாகிவிட்டது, எங்கள் முடிவு ஒன்றுதான் என்று அமீது சொன்னார். காதரை எழுந்து நிற்கச் சொன்னோம்.

எழுந்து தலையைக் குனிந்துகொண்டான். ஒருவர், “மனசுல நெனைச்சாப் போதுமுங்க, பையன் வருத்தப்படுறான்னு பாத்தாலே தெரியுதுல்ல” என்று ஆரம்பித்தார். “போதாதுங்க” என்றேன். நான் சொன்னது கொஞ்சம் சத்தமாகத்தான் வந்துவிட்டது. டிக்கெட் கேட்கிற குரல். “அன்னைக்கு மனசுல நெனைச்சாரா? வாயாலதான் சொன்னார். அதையும் வாயாலதான் எடுக்கணும்.”

காதர் திரையைப் பார்த்துத் திரும்பினான். “சபுரா மேல தப்பில்ல. பஸ்ல போனதுனால ஒண்ணும் ஆகலை. நான் அன்னைக்குச் சொன்னது பொய்யி. தெரிஞ்சும் ஏழு மாசம் சும்மா இருந்துட்டேன். அல்லாஹ்வுக்காக மன்னிச்சுரு.” கடைசி வார்த்தைக்குக் குரல் இறங்கிவிட்டது. ஆனால் எல்லாருக்கும் கேட்டது.

அமீது நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். “அம்மணி, கேட்டியா? இனி உன் இஷ்டம். வாரேன்னாலும் சரி, வேண்டாம்னாலும் சரி. ரெண்டு நடுவரும் உம் பக்கம் நிப்போம்.”

திரைக்குப் பின்னாலிருந்து சபுராவின் குரல்: “மாமா, எம் புள்ளைய எங்க வெச்சாருன்னு கேளுங்க. யாருமே எனக்குச் சொல்லலை.”

காதர் வாயால் சொல்லப் பார்த்தான். வாசலிலிருந்து இடது பக்கம், ஒரு வேப்ப மரம், அதற்குப் பின்னால் என்று ஆரம்பித்துக் குழம்பி நிறுத்திக்கொண்டான். “கூட்டிட்டுப் போறேனுங்க” என்றான்.

இந்த ஊர் வழக்கத்தில் பெண்கள் மையவாடிக்குள், அடக்கம் செய்யும் இடத்துக்குள், போவதில்லை. யாரோ அதைச் சொல்ல வாயெடுத்தார்கள். “வாசல் வரைக்கும் போலாம். வாசல்ல நின்னா யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது” என்றார் ஹஜ்ரத். போனோம். காதர் முன்னால், சபுரா பின்னால், நானும் அமீதும் அவளுக்கு இரண்டு பக்கமும். சாயங்கால வெயில் சாய்ந்துகொண்டிருந்தது.

கம்பிக் கதவுக்கு வெளியே சபுரா நின்றுகொண்டாள். காதர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனான். வேப்ப மரத்தைத் தாண்டி, கொஞ்சம் தள்ளி, பெயரில்லாத ஒரு சின்ன மேட்டுக்குப் பக்கத்தில் போய் நின்று எங்களைப் பார்த்துத் திரும்பினான். அவன் நின்ற இடம் எது என்று கதவிலிருந்து நன்றாகத் தெரிந்தது. சபுரா இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். அவள் அழுததை ஏழு மாதத்தில் அன்றுதான் பார்த்ததாக ஜெய்னம்பு பிறகு சொன்னாள்.

கொஞ்ச நேரம் கழித்துக் காதர் திரும்பி வர ஓரடி எடுத்து வைத்தான்.

“மாமா, அவரை இன்னும் கொஞ்ச நேரம் அங்கயே நிக்கச் சொல்லுங்க” என்றாள் சபுரா. “அந்த எடத்தை நல்லாப் பாத்துக்கறேன். அப்புறம் நானும் அவருமா எங்க ஊட்டுக்குப் போறோம்.”

நான் கையை உயர்த்தி, அங்கேயே நில்லு என்று கத்தினேன். அவன் நின்றான்.